சங்கிலி இல்லாத மஞ்சள் கார்

“வாத்தியாரே, முன்னாடி ரோடு தெரியுதா உங்களுக்கு?”

“தெரியுது, தெரியுது.”

“எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“நீங்க ஓட்டல நெலிடாம்மா. ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சா போதும்.”

ஓட்டுகிற அன்செல்மோவுக்கும் தெரியவில்லை. முன்கண்ணாடி முழுக்கப் பனி அப்பியிருந்தது. வைப்பர் அதைத் தள்ளுவதற்குப் பதிலாக, ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி ஓரம்வரை சீராகத் தடவிக்கொண்டிருந்தது. அன்செல்மோ கண்ணாடி கழுவும் தண்ணீரைப் பீய்ச்சினார். தண்ணீர் கண்ணாடியைத் தொட்ட மாத்திரத்தில் உறைந்து, அதுவரை மங்கலாகவாவது தெரிந்துகொண்டிருந்த உலகத்தை மொத்தமாக மூடிவிட்டது.

“இப்ப?” என்றாள் நெலிடா.

“இப்ப நிறுத்துறோம்” என்றார் அன்செல்மோ. கார் அவர் சொன்னதற்குச் சற்றுப் பிறகு, தனக்குப் பிடித்த இடத்தில் நின்றது.

அன்செல்மோ நெயுகேன் நகரத்தில் ஒரு டிரைவிங் பள்ளியில் இருபத்திரண்டு வருடங்களாக ஆசிரியர். ஒன்பதாம் பாடம் ‘பனியில் ஓட்டுதல்’. மேஜைமேல் மாவைக் கொட்டி, இரண்டு பொம்மைக் கார்களை அதில் நகர்த்தி அந்தப் பாடத்தை அவர் நடத்தும் அழகைப் பார்க்கப் பக்கத்து வகுப்பிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். ஆனால் நெயுகேனில் விழுவது புழுதிதான். நிஜப் பனியை அவருடைய டயர் தொட்டதே இல்லை.

அந்த மஞ்சள் கார் பள்ளிக்குச் சொந்தமானது. தலையில் ‘பழகுநர்’ என்ற பலகை. ஆசிரியர் உட்காரும் பக்கத்தில் இன்னொரு பிரேக், இன்னொரு கிளட்ச். ஹீட்டர் போன குளிர்காலத்திலேயே ஓய்வு பெற்றுவிட்டது. டயர்கள் வழுக்கைத் தலை போல் பளபளத்தன. மலைக்குப் போகிறோம், சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டும் என்று அன்செல்மோ கேட்டபோது பள்ளி முதலாளி, “சங்கிலியா? நாம என்ன நாயா வளர்க்கிறோம்?” என்று கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

நெலிடா மலையில் பிறந்தவள். வயது நாற்பத்தாறு. வில்யா மைத்தேன் என்ற மலையூரில் நர்ஸ். ஆடு மேய்க்கிறவர்களின் வீடுகள் அங்கே ஒன்றுக்கொன்று இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். சுகாதார நிலையத்துக்குப் புதிதாக ஒரு ஜீப் வந்திருந்தது; லைசென்ஸ் இல்லாதவள் கையில் சாவி தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை அவள் குதிரையில்தான் போய்க்கொண்டிருந்தாள். மே மாதம் ஒரு பிரசவத்துக்கு மூன்று மணி நேரம் குதிரையில் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை அவளுக்கு முன்பே வந்து அழுதுகொண்டிருந்தது. ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு தகப்பன் அதைவிடப் பலமாக அழுதுகொண்டிருந்தான். அன்றைக்கே முடிவு செய்தாள். ஒரு மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு நெயுகேனுக்கு வந்து தங்கிக் காரோட்டக் கற்றாள்.

அவள் வட்டாரத்துக்கெல்லாம் பரீட்சை வில்யா மைத்தேன் முனிசிபாலிட்டியில்தான் நடக்கும். இன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி. தவறவிட்டால் அடுத்தது அந்தத் தென்கோடி நாட்டில் பனிக்காலம் முடிகிற அக்டோபரில்தான். அதுவரை ஜீப் சும்மா நிற்காது, வேறு ஊருக்குப் போய்விடும். இத்தனைக்கும் நடுவில், முப்பது வருடத்தில் இல்லாத பனி கொட்டுகிறது என்று விடியற்காலையிலிருந்து ரேடியோவில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“வெங்காயத்தை நறுக்கிக் கண்ணாடியில தேய்ச்சா பனி ஒட்டாது. எங்கூர்ல அப்படித்தான் செய்வாங்க” என்றாள் நெலிடா.

“கையேட்டுல வெங்காயம் இல்லம்மா.”

அன்செல்மோ பின்சீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார்.

“ஐயோ, அது மாத்தே டீ போட வெச்ச தண்ணி!”

“பாதை தெரியாம மாத்தே குடிச்சு என்ன செய்யப்போறோம்?”

வெந்நீரைக் கண்ணாடிமேல் ஊற்றினார். பனிக்கட்டி அருமையாகக் கரைந்தது. அன்செல்மோ வெற்றியோடு நெலிடாவைப் பார்த்தார். அப்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடியின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை ஒரு விரிசல் கிளை கிளையாகப் பிரிந்து ஓடியது.

“இப்ப ஆறு, கால்வாய் எல்லாம் தெரியுது. ரோடு மட்டும்தான் காணோம்” என்றாள் நெலிடா.

அதன்பிறகு அன்செல்மோ ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் அவருடைய மூக்குக்கண்ணாடியும் உறைந்துபோனது. அதைக் கழற்றினார். கழற்றினால் அவருக்குப் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாது. ‘எப்படியும் பத்தடிக்கு மேல் பார்க்க அங்கே எதுவும் இல்லையே’ என்று சமாதானம் செய்துகொண்டார்.

பதினோராவது அடியில் ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார்.

அன்செல்மோ பிரேக்கை மிதித்தார். சக்கரங்கள் நின்றன, கார் நிற்கவில்லை. தேர் ஊர்வலம் போவது போல மெல்ல, பக்கவாட்டில், அந்த மனிதரைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. போகிற போக்கில் அன்செல்மோவும் அந்த மனிதரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தார். இன்னும் முப்பது மீட்டர் போய்ப் பனிக்குவியல் ஒன்றில் மூக்கைச் செருகி நின்றது கார்.

அந்த மனிதர் நிதானமாக நடந்து வந்தார். அறுபது வயது இருக்கும். கனத்த கோட்டு, உள்ளே கழுத்துப்பட்டை, கையில் தோல் பை. அவருக்குப் பின்னால் சாலையோரப் பள்ளத்தில் ஒரு நீலப் பிக்கப் வண்டி தலைகுப்புறப் பாதி இறங்கியிருந்தது.

“வில்யா மைத்தேனுக்கா?” என்று கேட்டார்.

“ஆமாங்க.”

“நானும் அங்கதான். முனிசிபாலிட்டிக்கு. பன்னெண்டு மணிக்கு டிரைவிங் பரீட்சை.”

அவருடைய தோல் பையிலிருந்து மாகாண முத்திரை போட்ட சாலை விதிக் கையேடு எட்டிப் பார்த்தது. அன்செல்மோவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கதவைச் சாத்திவிட்டு, காரைத் தோண்டி எடுக்கிற சாக்கில் நெலிடாவை முன்பக்கம் இழுத்துப் போனார்.

“அவர்தான்!”

“எவரு?”

“பரிசோதகர்! அந்த ஊர்ப் பரிசோதகர் ரொம்பக் கறார், மூஞ்சியைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்வாங்க. இந்த மூஞ்சியைப் பாருங்க.”

“அவரே பள்ளத்துல விழுந்து கெடக்காரே வாத்தியாரே?”

“பரிசோதிக்கிறது வேற, ஓட்டுறது வேற.”

“பேரைக் கேட்டுட்டா தெரிஞ்சிடும்.”

“கெடுத்தீங்க! பேரைக் கேட்டா சலுகை கேக்குறோம்னு நினைச்சிடுவாரு. இனிமே நீங்கதான் ஓட்டுறீங்க.”

“பழகுறவங்க பனியில ஓட்டவே கூடாதுன்னு காலையில இருந்து சொன்னீங்க?”

“அவர் கார்ல ஏறின நிமிஷமே பரீட்சை ஆரம்பமாயிடுச்சு நெலிடாம்மா.”

நெலிடா கையிலிருந்த பனியைத் தட்டிவிட்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

“உண்மையைச் சொல்லுங்க. இதுக்கு முன்னாடி நீங்க பனியில ஓட்டியிருக்கீங்களா?”

அன்செல்மோ டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தார். “மேஜை மேல ஓட்டியிருக்கேன்” என்றார்.

நெலிடா நேராகப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தவுடன் பின்சீட்டுக்காரர் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்தார். “நான் குறிப்பு எடுத்துக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

“தாராளமா ஐயா!” என்றார் அன்செல்மோ. குரல் கீச்சென்று வந்தது. “நெலிடாம்மா, பெல்ட்டு. கண்ணாடி. இண்டிகேட்டர்.”

“யாருக்கு இண்டிகேட்டர்? இந்த ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல.”

“இண்டிகேட்டர்!”

நெலிடா இண்டிகேட்டர் போட்டாள். பின்சீட்டில் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

உண்மையில் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். இரண்டாவது கியரிலேயே, பிரேக்கைத் தொடாமல், குதிரையை நடத்துவது போல ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள். வழுக்கை டயர்கள்கூட அவள் பேச்சைக் கேட்டன. பென்சில் சத்தம் அன்செல்மோவை அரித்தது.

“ஐயா ரொம்ப வருஷமா பரீட்சைக்கு வந்துக்கிட்டு இருக்கீங்களோ?”

“எட்டு வருஷம் ஆச்சு.”

“பாஸ் ஆகுறவங்க... அதிகமா?”

பின்சீட்டுக்காரர் வெளியே வெள்ளைவெளேரென்று கிடந்ததை வெகுநேரம் பார்த்தார். “பாதிப் பேர் பாஸ் ஆகிடுறாங்க” என்று பெருமூச்சு விட்டார். “அது எப்படின்னுதான் இத்தனை வருஷமா எனக்குப் புரியல.”

இனி ஒரு சின்ன விதியைக்கூட மீறக் கூடாது என்று அந்த நிமிடமே அன்செல்மோ தீர்மானித்தார்.

மேட்டில் ஏறும்போது கத்தினார்: “நிறுத்துங்க! இங்க ஒரு ஸ்டாப் பலகை இருக்கு!”

“எங்க?”

“பனிக்கு அடியில. நான் வரைபடத்துல பார்த்திருக்கேன். ஆட்டுப்பண்ணைக்குப் போற பாதை குறுக்க வருது.”

“மேட்டுல நின்னா அப்புறம் ஏறாது வாத்தியாரே.”

“சட்டம் சட்டம்தான்.”

நெலிடா நிறுத்தினாள். இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. மறுபடி கியர் போட்டாள். சக்கரம் அங்கேயே சுழன்றது. கார் பின்னோக்கி நழுவ ஆரம்பித்து, மேட்டின் அடிவாரம்வரை இறங்கிப் போய் நின்றது. மறுபடி ஏறினார்கள். மறுபடி ஸ்டாப். மறுபடி அடிவாரம். மூன்றாவது தடவை இறங்கும்போது பின்சீட்டுக்காரர் பணிவாகக் கேட்டார்: “இதை எத்தனை முறை செய்யணும்?”

பொறி வைத்த கேள்வி என்று அன்செல்மோவுக்குப் பட்டது. “பாதை தெளிவா இருக்குன்னு உறுதியாகிற வரைக்கும் ஐயா.”

அவர் தலையாட்டிக்கொண்டு எழுதினார்.

நான்காவது தடவை நெலிடா பல்லைக் கடித்துக்கொண்டு நிற்காமலே மேட்டைத் தாண்டினாள். அன்செல்மோ திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், “பூமிக்கடியில இருக்கிற பலகைக்குக் கொஞ்சம் தளர்வு உண்டுதானே ஐயா?” என்றார்.

“அப்படியா?” என்றார் பின்சீட்டுக்காரர். அந்த ‘அப்படியா’வை அன்செல்மோ ஒரு மதிப்பெண் குறைப்பாக எண்ணிக்கொண்டார்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டுமந்தை ஒன்று சாலையைக் கடந்துகொண்டிருந்தது. நெலிடா பார்த்துவிட்டாள், காலை எடுத்து வேகத்தைத் தளர்த்தி ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அன்செல்மோவும் பார்த்துவிட்டார். அவர் கால் இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், தன் பக்கத்துப் பிரேக்கை முழுப்பலத்தோடு மிதித்தது.

கார் சுற்றியது. ஆடுகள், மலை, வந்த வழி, பள்ளம், மறுபடி ஆடுகள் எல்லாம் ஜன்னலில் வரிசையாக வந்துபோயின. ஒரு முழுச் சுற்று முடிந்து, போகவேண்டிய திசையைப் பார்த்தபடியே கார் நின்றது. ஓர் ஆடு பக்கத்துக் கண்ணாடியை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.

“வாத்தியாரே” என்றாள் நெலிடா மிக அமைதியாக. “இன்னொரு தடவை அந்தப் பிரேக்குல கால வெச்சீங்க, அந்தக் காலுக்கு நானே கட்டுப் போடுவேன்.”

பின்சீட்டில் பென்சில் தயங்கியது. “இது கையேட்டுல எந்தப் பக்கத்துல வருது?”

அன்செல்மோவின் வாய் தானாகப் பேசியது. “முழுச்சுற்று நிறுத்தம் ஐயா. கால்நடைக்கு மட்டும்.”

“ஓகோ” என்று அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார் அவர்.

ஊருக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் சோதனைச் சாவடி. கண்ணிமையெல்லாம் பனியாக ஒரு காவலர் வழிமறித்தார்.

“சங்கிலி எங்க?”

“இல்லைங்க.”

“சங்கிலி இல்லாம ஒரு வண்டியும் போகக் கூடாது. காலையில இருந்து லாரிக்காரன் இருபது பேரை நிறுத்தி வெச்சிருக்கேன். நீங்க இந்தச் சோப்பு டப்பாவுல வந்து நிக்கிறீங்க. அதுவும் பழகுறவங்க ஓட்டிக்கிட்டு!”

அன்செல்மோ இறங்கிக் காவலரின் காதருகே போனார். “சார், மெதுவாப் பேசுங்க. பின்னாடி இருக்கிறது யாருன்னு தெரியுமா? டிரைவிங் பரீட்சைக்காரர்.”

காவலர் குனிந்து பின்ஜன்னலைப் பார்த்தார். கழுத்துப்பட்டையையும் நோட்டுப் புத்தகத்தையும் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“ஐயாவை இந்த வழியா அடிக்கடி பார்த்திருக்கேனே!”

“ஒரு பரீட்சை விடாம போறேன்” என்றார் பின்சீட்டுக்காரர்.

“என் மச்சான் அக்டோபர்ல வர்றான் ஐயா. ரெமிஜியோன்னு பேரு. பையன் தங்கமானவன், ரிவர்ஸ்தான் கொஞ்சம் வராது.”

“ரிவர்ஸ் கஷ்டம்தான்” என்றார் அவர் ஆழ்ந்த அனுதாபத்தோடு.

காவலர் விறைப்பாகச் சல்யூட் அடித்துத் தடுப்பைத் தூக்கினார். கார் தாண்டியபின் அந்தத் தடுப்பு பனியில் உறைந்து, இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. அதுவரை காத்திருந்த லாரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது.

“அந்த மனுஷன் வேலை போச்சு” என்றாள் நெலிடா.

“உங்க பரீட்சையைப் பாருங்க” என்றார் அன்செல்மோ.

பதினொன்றே முக்காலுக்கு வில்யா மைத்தேனின் முதல் கூரைகள் தெரிந்தன. புகைபோக்கிகளிலிருந்து விறகுப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. நெலிடா அப்போதுதான் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தாள். அன்செல்மோ அதைக் கவனித்தார். அன்று முழுவதும் தான் செய்த ஒவ்வொரு காரியமும் இந்தப் பெண்ணுக்கு இடைஞ்சலாக மட்டுமே இருந்தது என்பது அவருக்கு உறைத்தது. அவளுக்காக ஒன்றாவது செய்யவேண்டும் என்று தோன்றியது. வெட்கத்தை விட்டுப் பின்னால் திரும்பினார்.

“ஐயா, தப்பா நினைக்காதீங்க. இங்க நடந்த தப்பெல்லாம் என்னோடது. ஸ்டாப் பலகை, சுத்தினது, எல்லாமே. இந்தம்மா தனியா ஓட்டியிருந்தா ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து சேர்ந்திருப்போம். இவங்களுக்கு லைசென்ஸ் கிடைக்கலைன்னா மலையில குழந்தைங்க ஆட்டுக் கத்தரியிலதான் பொறக்கணும். உங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

பின்சீட்டுக்காரர் நோட்டை மூடினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததே இல்ல” என்றார். “இவங்க பாஸ் ஆகலைன்னா, இந்த மாகாணத்துல வேற யாரும் பாஸ் ஆக முடியாது.”

நெலிடா போட்ட கூச்சலில் விரிசல் விட்ட கண்ணாடி இன்னும் ஒரு கிளை விட்டது. அன்செல்மோ ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கூரைமேலிருந்த ‘பழகுநர்’ பலகையைப் பிடுங்கிப் பனியில் வீசினார்.

“இனிமே சட்டமும் வேணாம், கிட்டமும் வேணாம்! ஓட்டுங்க நெலிடாம்மா, உங்க இஷ்டத்துக்கு!”

நெலிடா இஷ்டத்துக்கு ஓட்டினாள். ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தைத் தப்பான திசையில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஒருவழிப் பாதையில் ரிவர்ஸில் போனாள். ரொட்டிக் கடை வாசலில் நின்ற தன் சித்தப்பாவுக்கு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் முத்தத்தை அள்ளி வீசினாள். கடைசியாக முனிசிபாலிட்டி வாசலில் திருப்பியபோது கொடிக்கம்பத்தை லேசாக இடித்தாள். கம்பத்தின் உச்சியிலிருந்த பனி முழுவதும் தொப்பென்று காரின் தலையில் விழுந்தது. மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்சீட்டுக்காரர்கூடச் சிரித்தார்.

அன்செல்மோ பனியைக் காலால் ஒதுக்கி, கதவைத் திறந்து பிடித்து, அவரை ஒரு மாப்பிள்ளையைப் போல இறக்கினார். தோல் பையைத் தானே சுமந்தார். நெலிடா அவருடைய கோட்டிலிருந்த பனியைத் தட்டிவிட்டாள். மூவரும் கைகோத்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

விறகு அடுப்புக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாத்தே உறிஞ்சிக்கொண்டிருந்த குமாஸ்தாப் பெண்மணி நிமிர்ந்து பார்த்தாள்.

“அடப்பாவி ஃபெர்மின், இந்தப் பனியிலயும் ஃபெயில் ஆகுறதுக்குன்னே வந்துட்டியா? போய் ஓரமா உட்காரு, பரிசோதகர் அம்மா மாடி ஜன்னல்ல நின்னுக்கிட்டு, கொடிக்கம்பத்தை இடிச்ச அந்த மஞ்சக் கார்க்காரி யாருன்னு கேட்டுக்கிட்டு இருக்காங்க!”